பினாங்குக் கடற்கரையும் பசெம்பூர் தட்டும்

பினாங்கில் நம் சமுதாயத்தின் வரலாற்றை எழுதுவோர் 1801இல் காதர் முகைதீன் அவர்களால் நிறுவப்பட்ட கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலிலிருந்து தொடங்குவது வழக்கம். அடுத்து சூலியா வீதி, நாகூர் தர்கா, துறைமுகம் என்று அந்த வரலாறு நடக்கும். இந்தப் பட்டியலில் கடற்கரை உணவுக்கடைகளுக்கு இதுவரை இடம் கிடைத்ததில்லை. நம் சங்கத்தின் பொன்விழா மலரில் அவற்றுக்கு ஒரு பக்கம் ஒதுக்குவது நம் கடமை என்று கருதுகிறோம்.

நாசி கண்டார் பிறந்த கதை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். நாசி என்றால் சோறு. கண்டார் என்றால் தோளில் காவடிபோல் சுமக்கும் கம்பு. அதன் இரு முனைகளிலும் சோறும் கறியும் தொங்க, நம் முன்னோர் துறைமுகத் தொழிலாளர்களைத் தேடிப்போய் விற்றார்கள். விற்றவர், உண்டவர் இருவருமே பெரும்பாலும் தனி ஆட்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவர்களின் மனைவி மக்கள் ஊரிலேயே இருந்தார்கள். குடும்பத்தோடு வெளியே போய்ச் சாப்பிடுவது என்ற பேச்சுக்கே அன்று இடமில்லை.

1957இல் மலாயா விடுதலை பெற்றது. குடியுரிமை பெற்று, குடும்பங்களும் இங்கேயே நிலைத்தன. அதன் பிறகுதான் மாலையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கடற்கரைக்குப் போகும் பழக்கம் நம்மிடையே வேரூன்றியது. மாமாக் கடைகள் அன்று ஆண்கள் கூடும் இடங்களாகவே இருந்தன. நம் பெண்கள் அவற்றுள் போய் அமர்வது அரிது. சுவர் இல்லாத கடற்கரைக் கடையில் அந்தத் தயக்கம் தேவைப்படவில்லை. வாரத்தில் ஓர் இரவாவது உம்மாவுக்கு அடுப்படியிலிருந்து விடுதலை கிடைத்தது.

அதற்கு இரண்டு கரைகள் இருந்தன. ஒன்று, கார்ன்வாலிஸ் கோட்டையை ஒட்டிய பாடாங் கோத்தா லாமா. அங்குள்ள மேடான் ரெனோங் பகுதியில் முஸ்லிம் கடைகளும், இன்னொரு பக்கம் சீனர் கடைகளும் அமைந்தன. மற்றொன்று கர்னி டிரைவ். 1930களில் புதிய கடற்கரைச் சாலையாக அமைந்த அதற்கு, 1951இல் சுட்டுக்கொல்லப்பட்ட பிரிட்டிஷ் உயர் ஆணையர் ஹென்றி கர்னியின் பெயரை 1952இல் சூட்டினார்கள்.

இந்தக் கரைகளில் நம்மவர் கைவண்ணம் பசெம்பூர். கோலாலம்பூர்க்காரர்கள் இதை ரோஜாக் மாமாக் என்பார்கள். இறால் வடை, கணவாய், நண்டு, தாவ்ஹு, அவித்த முட்டை, உருளைக்கிழங்கு எல்லாம் அடுக்கி வைத்திருக்கும். வேண்டியதை நாமே தட்டில் எடுத்துக் கொடுக்கவேண்டும். கடைக்காரர் அவற்றை நறுக்கி, வெள்ளரியும் செங்குவாங்கும் சீவிப்போட்டு, சர்க்கரைவள்ளிக் கிழங்கும் நிலக்கடலையும் மிளகாயும் சேர்த்துக் காய்ச்சிய குழம்பை மேலே ஊற்றுவார். எடுத்த துண்டுகளுக்குத் தக்கபடி விலை. ஆகவே பிள்ளைகளின் கை நண்டுப் பக்கம் போகும்போதெல்லாம் அத்தாவின் கண்ணும் கூடவே போகும்.

அந்த மேசையில் மார்க்கச் சட்டமும் வந்து அமர்ந்தது. கீழக்கரை, நாகூர் போன்ற கடலோர ஊர்களிலிருந்து வந்த நம் குடும்பங்கள் பெரும்பாலும் ஷாஃபி மத்ஹபைச் சேர்ந்தவை. கடல்வாழ் உயிரினங்கள் பொதுவாக அவர்களுக்கு ஹலால். ராவுத்தர் குடும்பங்கள் பெரும்பாலும் ஹனஃபி. அந்த மத்ஹபில் கடலிலிருந்து மீன் மட்டுமே ஆகும். கணவாயையும் நண்டையும் தவிர்ப்பார்கள். இறால் மீனா இல்லையா என்பதில் அவர்களுடைய உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இரு குடும்பங்களும் சம்பந்தம் செய்துகொண்ட பிறகு, ஒரே மேசையில் பாட்டனார் உருளைக்கிழங்கும் முட்டையுமாகத் தம் தட்டை நிரப்பிக்கொள்ள, பக்கத்தில் பேரன் கணவாய் தின்பது சாதாரணக் காட்சியானது. அவரவர் வழியை மதித்து ஒன்றாக உண்ணும் அந்தப் பண்பை நம் பெரியவர்கள் மேடை போட்டுச் சொல்லித்தரவில்லை. சாப்பிட்டுக் காட்டினார்கள்.

இன்று அந்தக் கரை மாறிவிட்டது. கர்னி டிரைவில் அலை வந்து மோதிய சுவருக்கு முன்னால் முதலில் சேறு படிந்தது. பின்னர் கடலைத் தூர்த்து நிலமாக்கினார்கள். கடலைப் பார்த்து உண்ட இடத்திலிருந்து இப்போது கடலைத் தேடி நடக்கவேண்டியிருக்கிறது. புதிய பூங்கா பிள்ளைகளுக்கு நல்லதுதான். ஆனாலும் அலைச்சத்தத்தோடு சாப்பிட்டவர்களுக்கு அது குறையே.

அதைவிடப் பெரிய கேள்வி, அந்தக் குழம்பை இனி யார் காய்ச்சுவது என்பது. சாலையோரக் கடைகளில் குறிப்பிட்ட உள்ளூர் உணவுகளை வெளிநாட்டுத் தொழிலாளர் சமைப்பதற்குப் பினாங்கு மாநில அரசு 2016 முதல் தடை விதித்தது. அந்தப் பட்டியலில் பசெம்பூரும் உண்டு. சட்டம் கையைக் காக்கலாம். கைப்பக்குவத்தைச் சட்டத்தால் காக்க முடியாது. கடைக்காரர் பிள்ளைகள் மருத்துவர்களாகவும் பொறியாளர்களாகவும் உயர்ந்திருப்பதில் நமக்குப் பெருமையே, அல்ஹம்துலில்லாஹ். அந்தப் படிப்புக்குப் பணம் வந்த வழிகளில் கடற்கரைக் கடையும் ஒன்று என்பதை மறக்கலாகாது.

ஆகவே உறுப்பினர் குடும்பங்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். உங்கள் வீட்டில் கடற்கரையில் கடை போட்டவர்கள் இருந்தால், குழம்பின் அளவையும் கடை இருந்த இடத்தையும் அவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். பழைய புகைப்படம் இருந்தால் பின்புறம் ஆண்டைக் குறியுங்கள். இன்ஷா அல்லாஹ், நம் சங்கத்தின் நூற்றாண்டு மலரைத் தொகுப்பவர்கள் முதலில் தேடப்போவது அவற்றைத்தான்.