நாற்பதைக் கடந்தவளின் முடிவு

தேர்வாய் கண்டிகை! திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டி வட்டத்துச் சிற்றூர். ஆடும் மாடும் மேய்ந்த மேய்க்கால் நிலத்தில் இன்று சிப்காட் தொழிற்பேட்டை நிமிர்ந்து நிற்கிறது. டயர் செய்யும் பேராலை இயங்குகிறது. கண்ணன்கோட்டையையும் சேர்த்து அமைத்த நீர்த்தேக்கம் 2020-ஆம் ஆண்டு திறக்கப்பட்டுச் சென்னையின் தாகம் தீர்க்கிறது. நிலம் மாறிற்று, தொழில் மாறிற்று, விடியற்காலையில் ஊரை எழுப்பும் ஓசையும் மாறிற்று. மாறாதது ஒன்று உண்டு. நாற்பதைக் கடந்த பெண்ணின் உடலைப் பற்றிய பேச்சு இன்றும் அடுப்பங்கரை இருட்டில், தாழ்ந்த குரலில்தான் நடக்கிறது!

அத்தகைய ஊரில் ஆலைப் பேருந்துக்காகக் காத்து நிற்கும் ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். அகவை நாற்பத்து மூன்று. பிள்ளைகள் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டனர். மாதந்தோறும் பெரும்பாடு அவளை வாட்டுகிறது. இரத்தம் குன்றி முகம் வெளுத்திருக்கிறது. இடையிடையே நாள் தள்ளிப்போனால், ‘இந்த வயதில் வயிற்றில் உண்டாகிவிட்டதோ?’ என்று நெஞ்சு துணுக்குறுகிறது. மருத்துவர், கருப்பையில் வைக்கும் ஹார்மோன் காயில் ஒன்றைச் சொல்லியிருக்கிறார். “அந்நியப் பொருளை உள்ளே வைப்பதா?” என்கிறார் மாமியார். “பையையே எடுத்துப் போட்டுவிடு, தொல்லை தீரும்” என்கிறாள் பக்கத்து வீட்டுக்காரி. கணவனோ வாய் திறக்கவில்லை. முடிவு செய்ய வேண்டியவள் யார்?

எளிய கேள்விதான். ஆனால் இதற்கு விடை காணத் தமிழகம் நூற்றாண்டுக்கு மேலாக நடந்து வந்திருக்கிறது. அந்தப் பாதையை ஒருமுறை திரும்பிப் பார்ப்போம்.

1877-ஆம் ஆண்டு இலண்டன் நீதிமன்றத்தில் இருவர் நிறுத்தப்பட்டனர். ஒருவர் சார்லஸ் பிராட்லா, மற்றவர் அன்னி பெசன்ட். கருத்தடை பற்றிய சிறு நூலை வெளியிட்டதே அவர்கள் செய்த குற்றம்! அந்தச் செய்தி கடல் கடந்தது. சென்னையில் பகுத்தறிவுக் கருத்துகளைப் பரப்பி வந்த முருகேச முதலியாரும் அவர் தோழர்களும் 1882-இல் இங்கேயே மால்தூசியச் சங்கம் ஒன்றை நிறுவினர். ‘தத்துவ விவேசினி’ என்ற தமிழ் இதழ் தோன்றியதும் அதே ஆண்டில்தான். வரலாற்றின் விந்தையைப் பாருங்கள்! எந்தக் கருத்துக்காக அன்னி பெசன்ட் கூண்டில் ஏறினாரோ, அந்தக் கருத்தைப் பிரம்மஞான சபையில் சேர்ந்தபின் அவரே கைவிட்டார். பின்னாளில் அவர் வந்து தங்கியதோ அதே சென்னையின் அடையாற்றில்!

1928-இல் சென்னையில் புது மால்தூசியக் கழகம் தோன்றிற்று. நீதிபதிகளும் கற்றோரும் அதில் இருந்தனர். மக்கள் பெருகினால் நாடு வறுமையுறும் என்பதே அவர்கள் கவலை. அடுத்த சில ஆண்டுகளில், ‘குடி அரசு’ ஏட்டில் பெரியார் வேறொரு காரணத்தை முன்வைத்தார். நாட்டின் வறுமைக்காக, தாயின் உடல்நலத்துக்காக, சொத்துச் சிதறாமல் இருப்பதற்காக என்று பிறர் பேசியபோது, பெண்ணின் விடுதலைக்காகவே கருத்தடை வேண்டும் என்றார் அவர். கணக்குப் பார்ப்பவன் கண்ணுக்கு அவள் ஓர் எண். விடுதலை பேசுபவன் கண்ணுக்கோ அவள் ஓர் ஆள். இந்த வேறுபாட்டை மனத்தில் நிறுத்திக்கொண்டால் பின்னர் நடந்தவை அனைத்தும் விளங்கும்.

1935 இறுதியில் அமெரிக்காவிலிருந்து மார்கரெட் சாங்கர் அம்மையார் வந்தார். வார்தாவில் காந்தியாரைக் கண்டு வாதிட்டார். அடக்கம் ஒன்றே வழி என்று காந்தியார் அசையாதிருந்தார். அடக்கம் நல்லதுதான்! ஆனால் அடக்கத் தவறுகிறவன் ஒருவன், சுமக்கிறவள் வேறொருத்தி என்றால், அந்த அறவுரை யாருக்குப் பயன்?

விடுதலைக்குப் பின், 1952-இல் இந்திய அரசே குடும்பக் கட்டுப்பாட்டைத் திட்டமாக ஏற்றது. 1965-இல் ‘லூப்’ வந்தது. லிப்பஸ் என்ற அமெரிக்க மருத்துவர் வடிவமைத்த பிளாஸ்டிக் வளையம் அது. இலட்சக்கணக்கான பெண்களுக்கு வைத்தார்கள். முகாம் நடந்தது, இலக்கு நிறைந்தது, ஏட்டில் எண் ஏறிற்று. ஆனால் வளையம் வைத்தபின் இரத்தப்போக்கு மிகலாம், வலிக்கலாம், வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை எத்தனை பேருக்கு எடுத்துச் சொன்னார்கள்? குருதி கண்ட பெண் கலங்கினாள். கலங்கியவளுக்கு ஆறுதல் சொல்ல ஆளில்லை. வதந்தி ஊரெங்கும் பரவிற்று. சில ஆண்டுகளிலேயே லூப் செல்வாக்கிழந்தது. கருவி தோற்றது என்பது பாதி உண்மை. சொல்லாமல் வைத்த முறை தோற்றது என்பதே மீதி உண்மை.

அடுத்து 1975 முதல் 1977 வரை நெருக்கடி நிலை. அப்போது நாட்டில் அறுவைக்கு உட்படுத்தப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். வற்புறுத்தல் கண்டு மக்கள் கொதித்தனர், ஆட்சி வீழ்ந்தது. அதன்பின் சுமை முழுவதும் யார் தலையில் இறங்கிற்று? பெண்ணின் தலையில்! 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் மணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டதோ நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஆணுக்கான அறுவை அதைவிட எளியது, ஆபத்துக் குறைந்தது என்று மருத்துவம் கூறியும் இந்த நிலை!

இனி, அந்தக் காயிலுக்கு வருவோம். ஃபின்லாந்து நாட்டு மருத்துவர் தபானி லூக்கைனென் முதலானோரின் உழைப்பில் உருவாகி, 1990-இல் அந்நாட்டில் முதலில் புழக்கத்துக்கு வந்தது இது. ‘டி’ வடிவச் சிறு பிளாஸ்டிக் தண்டில் 52 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன் இருக்கும். அது நாள்தோறும் மிகச் சிறு அளவில் கசியும். கருப்பை வாயின் சளியைத் தடிப்பாக்கி விந்தணுவைத் தடுக்கும். கருப்பையின் உட்படலத்தை மெலிதாக்கும். படலம் மெலிந்தால் மாதப்போக்கும் குறையும். லூப் குருதியை மிகுத்தது. காப்பர்-டியும் சிலருக்கு மிகுக்கும். இதுவோ குறைக்கிறது! பெரும்பாட்டுக்கு இதையே முதல் மருத்துவமாகப் பல நாடுகள் பரிந்துரைப்பது இதனால்தான். 2015-இல் உலக நலவாழ்வு நிறுவனம் இதை இன்றியமையா மருந்துப் பட்டியலிலும் சேர்த்தது. பாதிக்கு மேற்பட்ட பெண்கள் இரத்தசோகையால் வாடும் தமிழகத்தில் இது சிறு செய்தியன்று.

கருத்தடையாகவும் இது வலிமை மிக்கது. ஆயிரம் பெண்கள் ஓராண்டு வைத்திருந்தால் ஓரிருவருக்கே கரு தங்கும். வகையைப் பொறுத்து ஐந்து முதல் எட்டு ஆண்டு உழைக்கும். 45 அகவைக்குமேல் வைத்துக்கொண்டால், 55 வரை கருத்தடைக்கு அதுவே போதும் என்கின்றன பிரிட்டன் நாட்டு மருத்துவ நெறிகள். ‘நாற்பதுக்குமேல் ஏது கரு?’ என்பது வெறும் நம்பிக்கை. வாய்ப்புக் குறைகிறது, அற்றுப்போவதில்லை. ஐம்பதுக்கு முன் மாதவிலக்கு நின்றால் இரண்டாண்டும், பின் நின்றால் ஓராண்டும் கருத்தடையைத் தொடர வேண்டும்.

நல்லதை மட்டும் சொல்லி நிறுத்தினால், லூப் காலத்துத் தவற்றையே நாமும் செய்தவராவோம். முதல் மூன்று முதல் ஆறு மாதம் வரை ஒழுங்கற்ற சிறு போக்கு இருக்கும். முன்பே அறிந்தவள் பொறுப்பாள், அறியாதவள் அஞ்சிப் பிடுங்கச் சொல்வாள். சிலருக்குத் தலைவலி, மார்பு வலி, முகப்பரு, மனச்சோர்வு வரலாம். ஏறத்தாழ இருபதில் ஒருவருக்குக் காயில் தானே நழுவி வெளிவந்துவிடும். ஆயிரத்தில் ஓரிருவருக்குக் கருப்பைச் சுவரைத் துளைக்கக்கூடும். ஓராண்டில் ஐந்தில் ஒருவருக்கு மாதவிலக்கே நின்றுவிடும். கெட்ட இரத்தம் உள்ளே தேங்குகிறது என்று ஊர் சொல்லும். தேங்குவதற்கு அங்கே படலமே வளரவில்லை என்பதுதான் உண்மை.

எல்லாருக்கும் இது ஆகாது. மார்பகப் புற்று வந்தவர்களும், கருப்பைத் தொற்று உள்ளவர்களும், கட்டியால் கருப்பையின் உள்வடிவம் சிதைந்தவர்களும் விலக வேண்டும். காரணம் தெரியாத போக்கு இருந்தால், முதலில் காரணத்தைத் தேட வேண்டும். நாற்பதுக்குப் பிறகு வரும் தாறுமாறான போக்கைக் காயிலால் மூடிவிட்டு, உள்ளே இருக்கும் நோயைக் காணாமல் விடுவது பெரும் பிழை. மார்பகப் புற்றின் வாய்ப்பு இதனால் சிறிதளவு கூடலாம் என்று ஆய்வுகள் காட்டுவதையும் மருத்துவரிடம் கேட்டுத் தெளிய வேண்டும்.

ஆகவே முடிவு செய்யுமுன் அந்தத் தாய் கேட்க வேண்டியவை சில. எனக்குத் தேவை கருத்தடையா, போக்கைக் குறைப்பதா, இரண்டுமா? முன்பே ஆபரேஷன் செய்தவளாயின், கருவுக்காக இது வேண்டாம். பெரும்பாட்டுக்காகக் கருதலாம். போக்கு அதிகமில்லையெனில், அரசு மருத்துவமனையிலேயே வைக்கும் காப்பர்-டி போதாதா? கணவர் சிறு அறுவை செய்துகொண்டால் எனக்கு எதுவுமே தேவைப்படாதல்லவா? காயிலின் விலை என்ன? வேண்டாமென்றால், நான் கேட்ட நாளில் எடுத்துத் தருவார்களா? கடைசிக் கேள்விக்கு ‘ஆம்’ என்ற விடை கிடைக்காத இடத்தில் முதல் கேள்வியையே கேட்க வேண்டியதில்லை!

பையை எடுத்துவிடு என்ற அறிவுரையும் அவ்வாறே. சில நோய்களுக்கு அதுவே வழி. ஆனால் எடுத்ததைத் திரும்ப வைக்க இயலாது. காயிலை எடுத்துவிடலாம். திரும்பப் பெறக்கூடிய வழியை முதலில் ஆராய்வதே அறிவு.

இலண்டன் கூண்டிலிருந்து தேர்வாய் கண்டிகைப் பேருந்து நிறுத்தம் வரை வந்துவிட்டோம். அன்று அறிவை மறைத்தவர்கள் பெண்ணை அடக்கினார்கள். பின்பு கருவியைக் கொடுத்து அறிவை மறைத்தவர்களும் அவளை எண்ணாகவே கண்டார்கள். கருவியும் அறிவும் சேர்ந்து அவள் கைக்கு வரும் நாளே விடுதலை நாள். அந்தத் தாய் ‘வைத்துக்கொள்கிறேன்’ என்றாலும் சரி, ‘வேண்டாம்’ என்றாலும் சரி, தெரிந்து சொன்னாள் என்றால் போதும். மாமியாரும் பக்கத்து வீட்டுக்காரியும் கணவனும் அதைக் கேட்டு நடக்கட்டும்!