டீஜே (ஜமேக்க இசை)

டீஜே என்பவர் ஜமேக்காவின் ரெகே, டான்ஸ்ஹால் ஆகிய இசை வகைகளில், இசைத்தட்டில் ஒலிக்கும் தாளத்தின் மீது பேச்சும் பாட்டும் கலந்து சொல்லும் கலைஞர் ஆவார். பிற நாடுகளில் இச்சொல் இசைத்தட்டை இயக்குபவரைக் குறிக்கும். ஜமேக்காவில் அவருக்கு செலக்டர் என்று பெயர். டீஜேக்கள் சொல்லும் முறை டோஸ்டிங் எனப்படுகிறது. ஆங்கிலத்தை விட, பள்ளிகளும் மேல்தட்டினரும் நெடுங்காலம் தாழ்வாகக் கருதிய பாட்வா மொழியே இக்கலையில் முதன்மை பெற்றுள்ளது.

தோற்றம்

1950களில் கிங்ஸ்டன் நகரின் ஏழை மக்களுக்கு, பெரிய ஒலிபெருக்கிகளைத் தெருவிலோ திறந்தவெளியிலோ அடுக்கி நடத்தப்பட்ட "சவுண்ட் சிஸ்டம்" நடனங்களே இசையரங்கமாக விளங்கின. அமெரிக்க வானொலி அறிவிப்பாளர்களின் வேகமான பேச்சைக் கேட்டுப் பழகிய கவுண்ட் மச்சூக்கி, பாடல்களின் இடையே எதுகையுடன் பேசத் தொடங்கினார். இவரே முதல் டீஜே எனப் பொதுவாகக் கருதப்படுகிறார். எனினும் இக்கலை அன்று நடனத் திடலைத் தாண்டவில்லை. இசைத்தட்டாகப் பதியத் தக்கது என எவரும் எண்ணவில்லை.

1960களின் இறுதியில் நிகழ்ந்த ஒரு தவறு இந்நிலையை மாற்றியது. ரட்டி ரெட்வுட் என்பவருக்காக ஒரு பாடலைத் தட்டில் வெட்டியபோது பாடகரின் குரல் விடுபட்டுப்போனது. அத்தட்டை நடனத்தில் ஒலிக்கவிட்டபோது, கூட்டத்தினர் தாமே பாடி மகிழ்ந்தனர். குரலற்ற இவ்வடிவம் "வெர்சன்" எனப் பெயர் பெற்று, விரைவில் இசைத்தட்டுகளின் மறுபக்கத்தில் வழக்கமாக இடம்பெற்றது. டீஜேயின் குரலுக்கு அதில் இடம் கிடைத்தது.

எழுச்சி

கிங் டப்பியின் சவுண்ட் சிஸ்டத்தில் பேசிவந்த யு-ராய் (1942–2021), தயாரிப்பாளர் டியூக் ரீடின் பழைய பாடல்கள் மீது பதிவுசெய்த இசைத்தட்டுகள் 1970இல் ஜமேக்க விற்பனைப் பட்டியலின் முதலிடங்களைப் பிடித்தன. பிக் யூத், டென்னிஸ் அல்கபோன் போன்றோர் அவரைப் பின்தொடர்ந்தனர்.

1980களின் தொடக்கத்தில் புகழின் உச்சியில் இருந்தவர் யெல்லோமேன். பிறவியிலேயே தோலில் நிறமி இல்லாத இவர், அக்காரணத்தால் ஏளனத்திற்கு ஆளாகி, அநாதை விடுதியில் வளர்ந்தவர். அந்த நிறத்தையே தம் பெயராகவும் பெருமையாகவும் ஆக்கிக்கொண்டார். 1985இல் கேசியோ மின்னிசைப்பலகையில் முன்பதிந்திருந்த தாளத்தைக் கொண்டு வெய்ன் ஸ்மித்தும் பிரின்ஸ் ஜாமியும் உருவாக்கிய "அண்டர் மி ஸ்லெங் டெங்", கணினிமுறை இசையை வழக்கமாக்கியது. அதன்பின் இசைக்குழு இல்லாமலே தட்டு வெளியிட முடிந்தது. இசைக்கலைஞர் பலர் வேலையிழந்தனர்.

உரிமைச் சிக்கல்கள்

ஒரே தாளத்தைப் (ரிடிம்) பலர் பயன்படுத்தும் வழக்கத்தால் உரிமைத்தொகை யாருக்குரியது என்பது தெளிவற்றே இருந்தது. நாட்டின் புதிய பதிப்புரிமைச் சட்டம் 1993இல்தான் வந்தது. 1982இல் "பேம் பேம்" பாடிய சிஸ்டர் நான்சி, ஆண்களே நிறைந்திருந்த இத்துறையில் தனித்து நின்றவர். அப்பாடல் உலகெங்கும் ஒலித்தும் பல்லாண்டுகள் அவருக்குப் பணம் வரவில்லை; அமெரிக்காவில் குடியேறி வங்கிப் பணியில் வாழ்ந்தார்.

தாக்கமும் விமர்சனமும்

கிங்ஸ்டனில் பிறந்து 1967இல் நியூயார்க் சென்ற கூல் ஹெர்க், 1973இல் பிரான்ங்சு பகுதியில் நடத்திய விருந்து ஹிப் ஹாப் இசையின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. சப்பா ராங்க்ஸ் 1992, 1993 ஆண்டுகளில் கிராமி விருது பெற்றார். அதே காலத்தில், ஒருபாலீர்ப்பினருக்கு எதிரான வன்முறையைப் போற்றும் பாடல்கள் கடும் எதிர்ப்பைச் சந்தித்தன. 1992இல் வெளியான அத்தகைய பாடல் ஒன்றை புஜு பாண்டன் 2019இல் தம் பட்டியலிலிருந்து நீக்கினார்.