நோம்பி மேடையிலிருந்து கிளப் ஹவுஸ் வரை: கோவையின் மெல்லிசைக் காலம்

கோவையின் பெருமை என்னவென்று கேட்டால் பஞ்சாலை, பம்ப் செட், மருத்துவமனை, சிறுவாணித் தண்ணீர் என்று வரிசையாகச் சொல்லிவிடுவோம். பாட்டு அந்த வரிசையில் வருவதில்லை. ஆனால் தமிழ்த் திரையிசை நடை பழகிய ஊர்களில் நம் ஊரும் ஒன்று. நம் குடியிருப்பில் பாதிப் பேர் வேறு ஊர்களிலிருந்து வந்து குடியேறியவர்கள். இங்கேயே பிறந்த பிள்ளைகளுக்கும் இந்தக் கதை தெரிய வாய்ப்பில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

திரைக்குப் பக்கத்தில் ஆர்மோனியம்

டவுனில் வெரைட்டி ஹால் ரோடு வழியாகப் போகாத கோவைக்காரர் இருக்க முடியாது. அந்தப் பெயர் ஒரு சினிமாக் கொட்டகையின் பெயர். நம்மூர்க்காரரான சாமிக்கண்ணு வின்சென்ட் திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்தவர். 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டினார். பிறகு 1914இல் இங்கே வெரைட்டி ஹாலைக் கட்டினார். அப்போது படங்கள் பேசாது. அதனால் திரைக்குப் பக்கத்திலேயே ஆர்மோனியமும் தபலாவும் வைத்து, காட்சிக்கு ஏற்ற மாதிரி வாசிப்பது அந்தக் காலக் கொட்டகைகளின் வழக்கம்.

அதன்பின் பேசும் படம் வந்தது. 1930களில் சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டூடியோவும், 1945இல் புலியகுளத்தில் ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜா ஸ்டூடியோவும் இயங்கத் தொடங்கின. பாகவதர் நடித்த 'சிவகவி' 1943இல் சென்ட்ரலில் உருவானது. எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த 'ராஜகுமாரி' 1947இல் வெளிவந்தது. வசனம் எழுதியவர் இளைஞர் கருணாநிதி. அதுவும் சிங்காநல்லூரில் எடுத்ததுதான். டி.எம்.சௌந்தரராஜன் முதன்முதலில் பாடிய படம் 'கிருஷ்ண விஜயம்', 1950. பட்சிராஜாவின் 'மலைக்கள்ளன்' 1954இல் வெளிவந்து ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கம் பெற்றது. அதையே ஸ்ரீராமுலு நாயுடு அடுத்த வருடம் திலீப்குமாரை வைத்து 'ஆசாத்' என்று இந்தியில் எடுத்தார்.

'ராஜகுமாரி', 'கிருஷ்ண விஜயம்', 'மலைக்கள்ளன்' மூன்றுக்கும் இசை எஸ்.எம்.சுப்பையா நாயுடு. சென்ட்ரல் ஸ்டூடியோவில் அவருடைய ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் ஒரு பையன் நிற்பான். பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்து ஜூபிடர் கம்பெனியில் எடுபிடியாகச் சேர்ந்தவன். வாத்தியார் இல்லாத நேரத்தில் ஆர்மோனியத்தைத் தொட்டுப் பார்ப்பான். அந்தப் பையன்தான் எம்.எஸ்.விஸ்வநாதன். அவன் போட்ட மெட்டுகளைச் சுப்பையா நாயுடு தன் படத்தில் சேர்த்துக்கொண்டதும், ஜூபிடர் சென்னைக்குப் போனபோது "இந்தப் பையனைக் கூட்டிட்டுப் போங்க" என்று முதலாளியிடம் எடுத்துச் சொன்னதும் திரையிசை ரசிகர்களுக்குத் தெரிந்த கதை. இசைக்கல்லூரிச் சான்றிதழ் எதுவும் அவனிடம் இல்லை. வாசிக்கிறவர்களுக்குப் பக்கத்தில் நிற்க இடம் கிடைத்தது. பெரிய விஷயம் அதுதான்.

படத்தொழில் முழுக்கச் சென்னைக்குப் போய்ச் சேர்ந்தபின் இரண்டு ஸ்டூடியோக்களும் ஓய்ந்தன. நான் பிறந்து வளர்ந்தது சிங்காநல்லூரில். என் சிறுவயதில் எங்கள் தெருவிலேயே ஸ்டூடியோவில் தச்சு வேலை பார்த்தவர், லைட் தூக்கியவர், வயலின் வாசித்தவர் எல்லாம் இருந்தார்கள். வயலின் தாத்தா சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து வாசிப்பார். நாங்கள் கோலிக்குண்டை விட்டுவிட்டுப் போய் நிற்போம். போகச் சொல்ல மாட்டார்.

நோம்பி ராத்திரிகள்

ஸ்டூடியோ வருவதற்கு முன்னாலேயே கொங்கு நாட்டில் பாட்டுக்குப் பஞ்சம் இல்லை. கவுண்டர் வீட்டுக் கல்யாணங்களில் கம்பர் பாடியதாகச் சொல்லப்படும் மங்கல வாழ்த்தைக் குடிமகனார் பாடுவார். நடுநடுவே மேளம் ஒலிக்கும். உடுக்கை அடித்து ராத்திரி ராத்திரியாக அண்ணன்மார் கதை பாடுவார்கள். 1965இல் பிரெண்டா பெக் என்ற மானுடவியலாளர் காங்கேயம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தங்கி, அந்தக் கதை முழுவதையும் பாடகர் வாயிலிருந்தே டேப்பில் பதிவு செய்து, பிறகு புத்தகமாகவும் கொண்டுவந்தார்.

மாரியம்மன் நோம்பி சாட்டிவிட்டால் கோவில் முன்னால் கம்பம் நட்டுவிடுவார்கள். அது முதல் தினமும் ராத்திரி கம்பத்தைச் சுற்றி இளவட்டங்கள் ஆடுவார்கள். பறையும் பம்பையும் அடிக்கிறவர் வேகத்தைக் கூட்டினால் கால் தானாக வேகம் பிடிக்கும். ஆடுகிறவர்கள் தளர்ந்தால் அவர் அதைப் பார்த்து அடியைக் குறைப்பார். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நடக்கிற இந்தக் கொடுக்கல் வாங்கல் எந்த ஒலிபெருக்கியிலும் கிடையாது.

என் இளமைக் காலத்தில் மாவிளக்கு, மஞ்சள் நீராட்டு எல்லாம் முடிந்த கடைசி ராத்திரியை 'ஆர்கெஸ்ட்ரா'வுக்கு ஒதுக்கியிருந்தார்கள். நோட்டீஸில் 'மாபெரும் மெல்லிசை நிகழ்ச்சி' என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள். அமுச்சி, பெரியம்மா, குஞ்சு குளுவான் எல்லாம் சாயங்காலமே பாய் விரித்து இடம் பிடித்துவிடுவார்கள். முதலில் பக்திப் பாட்டு இரண்டு. பிறகு பழையது. பத்து மணிக்கு மேல் புதுப் பாட்டு. துண்டுச்சீட்டில் விருப்பப் பாட்டு எழுதி மேடைக்கு அனுப்புவார்கள். சில சீட்டில் ஐந்து ரூபாய் நோட்டும் இருக்கும். ஆண் குரல், பெண் குரல் இரண்டிலும் ஒருவரே பாடினால் அவருக்குத்தான் கைதட்டல் அதிகம்.

எங்கள் குழு

1981இல் நாங்கள் பதினொரு பேர் சேர்ந்து ஒரு குழு ஆரம்பித்தோம். எல்லோருக்கும் வயது பத்தொன்பது, இருபது. தபலா வாசித்தவன் கோட்டைமேட்டுக்காரன். பேஸ் கிடார் வாசித்தவன் சர்ச் பாட்டுக் குழுவில் பழகியவன். ஆர்மோனியக்காரன் பஜனை மடத்தில் பழகியவன். பாடுகிறவர்களில் ஒருவன் பகலில் லேத் பட்டறையில் வேலை பார்த்தான். எனக்குப் பாங்கோஸ், நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளும் பொறுப்பும் என்னுடையது.

பாட்டைக் கற்றுக்கொள்வது லேசான காரியம் இல்லை. இலங்கை வானொலியில் புதுப் பாட்டு எப்போது போடுவார்கள் என்று காத்திருந்து வரிகளை எழுதுவோம். இடையிசைக்குக் கேசட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்போம். பழைய பாட்டென்றால் ஆர்மோனியமும் தபலாவும் இருந்தால் ஓரளவு ஒப்பேற்றிவிடலாம். 1976இல் 'அன்னக்கிளி' வந்த பிறகு அது முடியவில்லை. இளையராஜாவின் பாட்டுக்கு பேஸ் கிடார் வேண்டும், புல்லாங்குழல் வேண்டும், வயலின் வேண்டும். ஒன்று குறைந்தாலும் கேட்கிறவருக்குத் தெரிந்துவிடும். அதனால் ஆளும் கூடியது, ரிகர்சலும் கூடியது. வாரத்தில் நான்கு நாள் எங்கள் வீட்டு மாடியில்தான். யார் எப்போது சாப்பிட்டார்கள் என்ற கணக்கு அம்மாவிடம் இருந்தது, எங்களிடம் இல்லை.

சூலூர், பல்லடம், அன்னூர், அவிநாசி, காரமடை என்று போய் வாசித்தோம். முதல் கச்சேரிக்கு அறுநூறு ரூபாய். வேன் வாடகை, வாடகைக்கு எடுத்த கிடார், ஆம்ப்ளிபையர் போக மீதி ஆளுக்கு ஒரு பரோட்டா செட்டுக்குச் சரியாக இருந்தது. ஒரு தடவை அன்னூர்ப் பக்கம் பாட்டின் நடுவில் கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர் கிளம்பப் பத்து நிமிடம் ஆனது. தபலாக்காரன் நிறுத்தவே இல்லை. பாடகன் மேடை நுனிக்கு வந்து தொண்டையைத் திறந்து பாடினான். கூட்டம் சத்தம் போடாமல் கேட்டது. முடிந்ததும் ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து, "ஏனுங்க தம்பி, இத்தனை நேரம் மைக்கைத்தான் கேட்டோம், இப்பத்தானுங்க உங்களைக் கேட்டோம்" என்றார்.

அப்பா மில் தொழிலாளி. மூன்று ஷிப்ட்டும் மாறி மாறிப் போகிறவர். "பாட்டு சோறு போடுமா?" என்பதோடு அவர் பேச்சு முடிந்துவிடும். எங்கள் தெரு மாரியம்மன் நோம்பியில் நாங்கள் வாசித்த ராத்திரி, ரெண்டாம் ஷிப்ட் முடித்துவிட்டுத் தூக்குப்போசியோடு வந்து கூட்டத்துக்குப் பின்னால் கடைசிப் பாட்டு வரைக்கும் நின்றாராம். அம்மா சொல்லித்தான் தெரியும். என்னிடம் அவர் அதைச் சொன்னதே இல்லை.

ஆறு வருடம் ஓடியது. பிறகு வேலை, கல்யாணம், வெளியூர் என்று ஒவ்வொருவராகப் பிரிந்தோம். ஆனால் நட்பு பிரியவில்லை. 1997 நவம்பரிலும் 1998 பிப்ரவரியிலும் நம் நகரம் பட்ட காயம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். டவுனுக்குள் போவதற்கே வீட்டில் யோசித்த நாட்கள் அவை. அந்த வருடம் கோடையில் தபலாக்காரனின் தங்கைக்கு நிக்காஹ். ஊரில் இருந்த எட்டுப் பேரும் செக்போஸ்ட்டுகளைத் தாண்டிப் போனோம். "வருவீங்களோ மாட்டீங்களோன்னு இருந்தேன் கண்ணு" என்று அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்று பாட்டெல்லாம் இல்லை. பிரியாணி சாப்பிட்டுவிட்டு மொட்டை மாடியில் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். ஒருவன் தாளம் தப்பினால் இன்னொருவன் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்று ஆறு வருடம் மேடையில் பழகியிருந்தோம். அந்தப் பழக்கம்தான் எங்களை அங்கே கூட்டிப் போனது.

குழு சுருங்கிய விதம்

எண்பதுகளின் கடைசியில் கீபோர்டு பரவியது. வயலின், புல்லாங்குழல், ட்ரம்பெட் எல்லாம் ஒரே பெட்டிக்குள் வந்துவிட்டன. ரிதம் பேட் வந்ததும் டோலக்கும் காங்கோவும் வீட்டுக்குப் போயின. 1992இல் 'ரோஜா' வந்த பிறகு, கணினியில் உருவான ஒலிகளை மேடையில் அப்படியே கொண்டுவர முடியாமல் பல குழுக்கள் திணறின. பதினைந்து பேர் இருந்த மேடையில் ஆறேழு பேர் ஆனார்கள். பிறகு பாடகர் மட்டும் வந்து கரோக்கிக்குப் பாடினார். இப்போது ரிசப்ஷனுக்கு ஒரு லேப்டாப்பும் நான்கு பெரிய ஸ்பீக்கரும் போதும்.

இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. பதினைந்து பேருக்குச் சாப்பாடும் வண்டியும் கொடுப்பது கல்யாண வீட்டுக்குப் பாரம்தான். ஆனால் அந்த மேடை ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பையனுக்கு இப்போது பார்க்க எதுவும் இல்லை. லேப்டாப்பைப் பார்த்து யாரும் தபலா கற்றுக்கொள்ள முடியாது.

நம் குடியிருப்பில்

இந்தப் பழங்கதையைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. கடந்த மூன்று ஆண்டு விழாக்களுக்கும் நாம் டி.ஜே.தான் வைத்தோம். ஒவ்வொரு முறையும் மறுநாள் வாட்ஸ்அப் குழுவில் சத்தத்தைப் பற்றிப் புகார் வருகிறது. அதே குழுவில், ஒரு பையன் சாயங்காலம் மிருதங்கம் பழகுவதைப் பற்றியும் புகார் வந்தது. ஒன்றரை லட்சம் ரூபாய் கொடுத்து வரவழைக்கும் சத்தத்தையும், ஒரு பிள்ளை கற்றுக்கொள்ளும் சத்தத்தையும் ஒரே தராசில் வைத்துவிட்டோம். இப்போது அந்தப் பையன் ஜன்னலைச் சாத்திவிட்டு, மிருதங்கத்தின் மேல் துண்டைப் போட்டு வாசிக்கிறான்.

குழந்தைகள் தூங்கும் வீடு, நோயாளிகள் இருக்கும் வீடு எல்லாம் நம்மிடம் உண்டு. அவர்கள் சிரமம் எனக்குப் புரியாமல் இல்லை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. அதற்குள் நிற்பது டி.ஜே.வுக்குக் கஷ்டம். ஒலிபெருக்கி இல்லாமல் மூடிய கிளப் ஹவுஸுக்குள் வாசிக்கும் ஒரு வீணைக்கும் புல்லாங்குழலுக்கும் அது கஷ்டமில்லை.

சங்கத்தின் முன் மூன்று யோசனைகளை வைக்கிறேன். ஒன்று, தினமும் மாலை ஐந்து முதல் ஏழு வரை பிள்ளைகள் கிளப் ஹவுஸ் சின்ன அறையில் வாத்தியம் பழகலாம் என்று அனுமதி கொடுப்போம். இரண்டு, மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை ஆறரை முதல் எட்டரை வரை, மைக் இல்லாமல், நம் வீட்டு ஆட்களே பாடட்டும், வாசிக்கட்டும். கஜலோ, மலையாளப் பாட்டோ, பஜனையோ, வள்ளிக் கும்மியோ, எதுவானாலும் சரி. மூன்று, அடுத்த ஆண்டு விழாவுக்கு டி.ஜே.வுக்குக் கொடுக்கும் தொகையில் கோவையில் இன்னும் வாசித்துக்கொண்டிருக்கும் ஒரு மெல்லிசைக் குழுவை அழைப்போம். மேடைக்கு முன்னால் முதல் இரண்டு வரிசை பிள்ளைகளுக்கு.

அலமாரி மேல் உறை போட்ட வீணையோ, கட்டிலுக்கடியில் ஆர்மோனியமோ எத்தனை வீடுகளில் இருக்கிறது என்று தெரியவில்லை. இருப்பவர்கள் பொங்கலுக்குள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். என் பாங்கோஸுக்குத் தோல் மாற்றக் கொடுத்திருக்கிறேன். தபலாவுக்கு ஆள் வேண்டுமென்றால், கோட்டைமேட்டிலிருந்து வந்துவிடுவதாக அவனும் சொல்லியிருக்கிறான்.