விழிஞ்ஞத்து அலைப்பெட்டி

நீரோடியைத் தாண்டிக் கரையோரமாக வடமேற்கே போனால் விழிஞ்ஞம். 1956 வரை நாஞ்சில் நாடும் அதுவும் ஒரே எல்லைக்குள் கிடந்தவை. கடல் இன்னைக்கும் ஒண்ணுதான்.

இந்தியாவின் முதல் அலைமின் நிலையம் அங்கேதான் 1991-ல் இயங்கத் தொடங்கியது. வடிவமைத்தது சென்னை ஐஐடி. திறன் 150 கிலோவாட். கடலடியில் உட்காரவைத்த கான்கிரீட் பெட்டிக்குள் தண்ணீர் ஏறி இறங்கும். அடைபட்ட காற்று டர்பைனைச் சுற்றும். அவ்வளவுதான் சங்கதி.

சிக்கல் பெட்டி நிலைத்து நிற்பதில். 1950-ல் கலிபோர்னியாவில் மாரிசனும் உடன் உழைத்தவர்களும், கடலில் நட்ட தூணை அலை தள்ளும் விசைக்கு ஒரு சமன்பாடு தந்தார்கள். அதில் ஒரு பகுதி நீரின் முடுக்கத்தைப் பொறுத்தது. இன்னொன்று நீரின் வேகத்தினுடைய வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் இரண்டு மடங்கானால் இந்த இழுவிசை நாலு மடங்கு! அகலமான பெட்டிக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அதன்மேல் உடைந்து விழும் அலையின் அடியைக் கணிப்பது இன்னும் கஷ்டம்.

ஆக, மின்சாரம் தருவது அன்றாட அலை. பெட்டி எவ்வளவு கனமாக இருக்கணும் என்று முடிவு செய்வது ஆனி ஆடியில் என்றைக்கோ வரும் பேரலை. வரவு சின்ன அலையில், செலவு பெரிய அலைக்கு. கடல்நீரைக் குடிநீராக்கும் சோதனைக்கும் பிற்பாடு உதவிய அந்த நிலையம் இப்போது ஓடவில்லை.

நம்ம தேங்காப்பட்டணம் துறைமுக முகத்துவாரத்தில் வள்ளம் கவிழ்ந்து மீனவர்கள் செத்திருக்கிறார்கள். அங்கே தடுப்புச்சுவர் கட்டுபவர்களிடமும் இதே கேள்விதான்: உங்கள் கணக்கு எந்த அலைக்கு?