குட்டி நீச்சல் குளத்துத் தண்ணீரைச் சூடாக்க எவ்வளவு செலவாகும்? வெயிலே போதுமா?

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் கிள்ளான், ஷா ஆலாம், பூச்சோங் தாமான்களில் வீட்டுக்கு முன்னால் காற்றடைத்த குட்டி நீச்சல் குளங்கள் முளைத்துவிடும். குழாயைத் திறந்து நிரப்பியாச்சு, குழந்தையும் குதித்தாச்சு. ஆனால் பத்தே நிமிடத்தில் உதடு நடுங்க, "குளிருதும்மா" என்று எழுந்து வந்துவிடும்.

உடனே ஹீட்டர் தேடத் தோன்றும். வாங்குவதற்கு முன் இந்தக் கணக்கைப் பாருங்கள்.

வெயில் ஊரில் தண்ணீர் ஏன் குளிர்கிறது?

நம்ம ஊர்க் குழாய்த் தண்ணீர் சுமார் 27, 28 டிகிரி செல்சியஸில் வருகிறது. தொட்டால் குளிராது. ஆனால் தண்ணீர், காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடல் சூட்டை இழுத்துக்கொள்ளும். குழந்தைகளின் உடல் சிறியது என்பதால் அவர்களுக்குச் சீக்கிரமே குளிர் எடுக்கும். சின்னப் பிள்ளைகள் சும்மா உட்கார்ந்து விளையாட 32 டிகிரி இதமாக இருக்கும். அப்படியென்றால் நமக்குத் தேவைப்படுவது வெறும் 4, 5 டிகிரிதான்.

அந்த 5 டிகிரிக்கு எவ்வளவு மின்சாரம்?

ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள வட்டக் குளத்தில் 25 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் விட்டால், ஏறக்குறைய 440 லிட்டர் பிடிக்கும். ஆயிரம் லிட்டரை ஒரு டிகிரி சூடாக்க 1.16 யூனிட் (கிலோவாட் மணி) தேவை. இந்தக் கணக்கில் 440 லிட்டரை 5 டிகிரி ஏற்றச் சுமார் 2.5 யூனிட் ஆகும்.

தீபகற்பத்தில் 2025 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள கட்டண முறையில், சலுகைகளைக் கழிக்காமல் பார்த்தால், மாதம் 1,500 யூனிட்டுக்குள் பயன்படுத்தும் வீட்டுக்கு ஒரு யூனிட் சுமார் 44 சென். அதாவது ஒரு தடவைக்கு ஒரு ரிங்கிட் பத்து சென். பெரிய செலவில்லை. ஆனால் இதையும் மிச்சப்படுத்தலாம்.

வெயில் எவ்வளவு கொடுக்கும்?

கோலாலம்பூரில் ஒரு சதுர மீட்டர் இடத்தில் நாளொன்றுக்கு சராசரியாக 4.5 முதல் 5 யூனிட் வரை சூரிய ஆற்றல் விழுகிறது. நம் குளத்தின் பரப்பு சுமார் 1.77 சதுர மீட்டர். முழு நாளும் வெயில்பட்டால் 8 யூனிட் கிடைக்கும். அதில் பாதி மட்டும் தண்ணீரில் தங்கினால்கூட தேவைக்கு மேல்தான்.

அதனால் முதல் வேலை, குளத்தைப் போர்ச் கூரைக்கு வெளியே, வெயிலில் வைப்பது. காலை 9 மணிக்கெல்லாம் நிரப்பிவிடுங்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் பிற்பகலில் இடியுடன் மழை பெய்வது சகஜம். ஏப்ரல், அக்டோபர், நவம்பர் மாதங்களில் இது இன்னும் அதிகம். அதற்கு முன்பே சூட்டைச் சேர்த்துக்கொள்வது நல்லது.

தண்ணீரைக் குறைத்து விடுவதும் உதவும். மூன்று வயதுப் பிள்ளைக்கு 15 சென்டிமீட்டர் போதும். தண்ணீர் குறைந்தால் சீக்கிரம் சூடேறும். ஆனால் கடும் வெயிலில் அளவுக்கு மீறியும் சூடாகலாம், அதனால் பிள்ளையை இறக்கும் முன் முழங்கையை விட்டுப் பாருங்கள். வெயிலில் கிடந்த ரப்பர் குழாயில் முதலில் வரும் தண்ணீர் கொதிக்கும். அதைக் கொஞ்சம் கீழே விட்டுவிட்டுப் பிறகு பயன்படுத்துங்கள்.

சேர்த்த சூடு எங்கே போகிறது?

திறந்தவெளிக் குளங்கள் இழக்கும் சூட்டில் பெரும்பகுதி, சுமார் 70 விழுக்காடு, ஆவியாதலால் போகிறது. ஒரே ஒரு லிட்டர் ஆவியானால் நம் 440 லிட்டர் தண்ணீரின் வெப்பம் 1.3 டிகிரி இறங்கிவிடும். காற்று அடித்தால் இது இன்னும் வேகமாக நடக்கும்.

தீர்வு ரொம்ப மலிவானது. மேஜைக்கு விரிக்கிற தெளிவான பிளாஸ்டிக், அல்லது பார்சலில் வரும் பபிள் ரேப் எடுத்துத் தண்ணீர்மேல் படியும்படி விரித்துவிடுங்கள். ஒளி உள்ளே போகும், ஆவி வெளியே போகாது. கறுப்புக் கன்வாஸ் போட்டால் வெயில் தண்ணீருக்குள் இறங்காது.

பிள்ளை இறங்கும் முன் விரிப்பை முழுசாக எடுத்துவிட வேண்டும். பாதி மூடிய விரிப்புக்கு அடியில் குழந்தை மாட்டிக்கொள்ளலாம்.

மேகமூட்டமாக இருந்தால்?

வெந்நீர் கலக்கலாம். ஆனால் கெட்டிலை நம்பாதீர்கள். 1.7 லிட்டர் கெட்டில் ஒன்று கொதித்தால் இந்தக் குளத்தில் கால் டிகிரிதான் ஏறும். 5 டிகிரிக்கு 18, 19 கெட்டில் வேண்டும். கொதிநீரைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகள் ஓடும் இடத்தில் அத்தனை நடை நடப்பது ஆபத்து.

குளியலறை வாட்டர் ஹீட்டரில் 40 டிகிரி அளவில் வரும் நீரைப் பிடித்து, சுமார் 170 லிட்டர் கலந்தால், மீதி குழாய்த் தண்ணீராக இருந்தாலும் 32 டிகிரி வந்துவிடும். 3.6 கிலோவாட் ஹீட்டருக்கு முக்கால் மணி நேர வேலை. செலவு அதே ஒரு ரிங்கிட் பத்து சென்தான். பிள்ளை இறங்கும் முன்பே கலந்து முடித்துவிடுங்கள்.

மின் ஹீட்டரைக் குளத்துக்குள் போடலாமா?

வேண்டாம். வாளியில் போடும் கம்பி ஹீட்டர், மீன் தொட்டி ஹீட்டர் எதுவும் இதற்காகச் செய்யப்பட்டதல்ல. கம்பி பிளாஸ்டிக்கைத் தொட்டால் உருகும். மின்கசிவு இருந்தால் ஈரத்தில் இருப்பவர் உயிருக்கே ஆபத்து. "டிரிப் ஆகிடும்" என்ற தைரியமும் வேண்டாம். எக்ஸ்டென்ஷன் வயரை ஈரத் தரைக்குக் கொண்டுவராதீர்கள். இணையத்தில் எந்த மின்கருவி வாங்கினாலும் சிரிம், எரிசக்தி ஆணைய முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

சூடான தண்ணீரை மறுநாளைக்கு வைக்கலாமா?

இங்கேதான் சிக்கனம் நமக்கு எதிராகத் திரும்பும். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழுக் கொசுவாக மாற ஏறக்குறைய 7 முதல் 10 நாள் போதும். விரிப்பின்மேல் தேங்கும் மழைநீரிலும் அது முட்டையிடும். டிங்கி காய்ச்சல் அதிகம் பதிவாகும் மாநிலம் சிலாங்கூர். 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டத்தின்கீழ், உங்கள் வீட்டு வளாகத்தில் கொசுப் புழு இருந்தால் அபராதம் வரும்.

குளோரின் இல்லாத தண்ணீரில் கிருமிகளும் சீக்கிரம் பெருகும். அதனால் அன்றைய தண்ணீரை அன்றே இறக்கிவிடுங்கள். சோப்பு கலக்காத அந்த 440 லிட்டரைச் செடிக்கு ஊற்றலாம், கார் கழுவலாம், போர்ச்சைக் கழுவிவிடலாம். குளத்தைக் கவிழ்த்துக் காயவையுங்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸ் ஃப்ளாட்டில் இருக்கிறேன். பால்கனியில் வைக்கலாமா?

25 சென்டிமீட்டர் தண்ணீர் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 250 கிலோ. வீட்டுத் தளங்கள் பொதுவாக 150 முதல் 200 கிலோவைக் கணக்கில் வைத்துத்தான் வடிவமைக்கப்படுகின்றன. அதனால் பால்கனி வேண்டாம். குளியலறையில் குழந்தைக்கான சின்னத் தொட்டி போதும். இல்லையென்றால் கட்டட நிர்வாகத்திடம் கேட்டுத் தரைத்தளத்தில் இடம் பாருங்கள்.

ஒரு நாள் திட்டம் இப்படி

காலை 9 மணிக்கு நிரப்பி, தெளிவான பிளாஸ்டிக்கை விரியுங்கள். இந்த நேரத்திலும் பிள்ளைகள் பக்கத்தில் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உச்சி வெயில் தணிந்த பிறகு, பிற்பகல் 3 மணி வாக்கில், விரிப்பை எடுத்துவிட்டு விளையாட விடுங்கள். வெயில் சேர்த்த சூடு தண்ணீரில் இருக்கும். இடிச் சத்தம் கேட்டால் உடனே எல்லாரும் உள்ளே. முடிந்ததும் தண்ணீரை இறக்கிவிடுங்கள்.

கைக்குழந்தை மூழ்க சில சென்டிமீட்டர் தண்ணீர் போதும். பெரும்பாலும் சத்தமே வராது. அதனால் பெரியவர் ஒருவர் கை எட்டும் தூரத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். கைப்பேசி வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.