மருந்தும் பொறியும்: பினாங்குக் கரையில் தோட்டாவின் வரலாறு

ஜார்ஜ்டவுன் கடலோரத்திலுள்ள கார்ன்வாலிஸ் கோட்டைக்குள், தடித்த சுவர்களும் வளைவுக் கூரையும் கொண்ட சிறிய கட்டடம் ஒன்று இன்றும் நிற்கிறது. 1814இல் கட்டப்பட்ட அந்த மருந்துக்கிடங்கு, கோட்டையின் கரிமருந்தைக் காப்பதற்காக எழுந்தது. கரிமருந்து என்பது வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றையும் அரைத்துக் கலந்த பொடி. ஈரம் பட்டால் பயனற்றுப் போவதும் பொறி பட்டால் கட்டடத்தையே தூக்கி எறிவதும் அதன் இயல்பாதலால், அக்காலத்துக் கிடங்குகளில் இரும்புக் கருவிகள் விலக்கப்பட்டு, செம்பும் மரமுமே கையாளப்பட்டன. மருந்தையும் பொறியையும் பிரித்தே வைக்க வேண்டும் என்பது கிடங்கின் விதி. அவ்விரண்டையும் உரிய நொடியில் தவறாமல் சேர்க்க வேண்டும் என்பது துப்பாக்கியின் விதி. தோட்டாவின் வரலாறு இவ்விரு விதிகளுக்கும் இடையே நடந்த இழுபறியாகும்.

1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவைக் கைக்கொண்டபோது நிபோங் மரக்கம்பங்களால் அமைந்திருந்த அக்கோட்டை, பின்னர் கைதிகளின் உழைப்பால் செங்கற் கோட்டையாயிற்று. 1800இல் எதிர்க்கரை நிலமும் கெடா சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. அக்கரையில் வளர்ந்த நகருக்குப் பெயர் தந்த வில்லியம் ஜான் பட்டர்வொர்த், 1843 முதல் 1855 வரை நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநராக இருந்தவர். அதற்கு முன் மதராஸ் படையில் அதிகாரியாகப் பணியாற்றியவர். 1831-32இல் மலாக்காவை அடுத்த நானிங்கில் நடந்த போரிலும் மதராஸ் சிப்பாய்களே அனுப்பப்பட்டனர்.

அக்காலச் சிப்பாய் ஒவ்வொருவனும் தன் துப்பாக்கிக்குத் தானே மருந்து கெட்டித்தவன். மருந்தும் ரவையும் பொதிந்த காகிதச் சுருளைப் பல்லால் கிழித்து, ஒரு சிட்டிகை மருந்தைத் துப்பாக்கியின் பக்கவாட்டிலுள்ள கிண்ணியில் இட்டு, எஞ்சியதைக் குழலில் கொட்டி, ரவையையும் காகிதத்தையும் இருப்புக்கோலால் இடித்து இறுக்கிய பிறகே அவனால் சுட முடிந்தது. சக்கிமுக்கிக் கல்லிலிருந்து தெறித்த பொறி முதலில் கிண்ணி மருந்தைப் பற்றவைக்க, அந்தத் தீ சிறு துளை வழியே குழலுக்குள் பாய்ந்தது. மழை நாளில் கிண்ணி நனைந்துவிட்டால் துப்பாக்கி வெறும் கோலாகிவிடும் என்பதால், வெப்பமண்டலப் போர்களில் இது பெருங்குறையாக இருந்தது.

அக்குறையைத் தீர்த்தது வேதியியல். 1800இல் எட்வர்டு ஹோவர்டு விவரித்த பாதரச ஃபல்மினேட் என்னும் உப்பு, நெருப்பின்றி அடிபட்ட மாத்திரத்தில் வெடிப்பது. 1807இல் அலெக்சாண்டர் ஃபோர்சைத் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார் இத்தகைய உப்புகளைத் துப்பாக்கிக்குப் பயன்படுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் அது சிறு செம்புத் தொப்பிக்குள் அடைக்கப்பட்டு, தமிழகத்தின் நாட்டுத் துப்பாக்கிக்காரர்கள் 'கேப்பு' என்று வழங்கும் பொருளாயிற்று. காகிதச் சுருளுக்குப் பதிலாக மருந்தையும் ரவையையும் தாங்கும் பித்தளை ஓடு வந்தபின் அந்தக் கேப்பு ஓட்டின் அடியிலேயே பதிக்கப்பட்டு, பிரைமர் எனப் பெயர் பெற்றது. 1866ஐ ஒட்டி ஆங்கிலேயர் எட்வர்டு பாக்சரும் அமெரிக்கர் ஹைரம் பெர்டனும் தனித்தனியே இரு வடிவங்களை உருவாக்கினர். பாக்சரின் முறையில் தீ செல்லும் துளை ஓட்டின் நடுவில் ஒன்றே ஆதலால், சுட்ட பிரைமரைக் கம்பியால் தள்ளிவிட்டுப் புதியதைப் பொருத்துவது எளிது. பெர்டன் முறையில் துளைகள் இரண்டு ஆதலால் அது கடினம். ஆங்கிலேயர் கண்ட வடிவம் அமெரிக்காவிலும், அமெரிக்கர் கண்ட வடிவம் ஐரோப்பாவிலும் பெரிதும் நிலைபெற்றதே, சுட்ட ஓட்டில் மீண்டும் மருந்து நிரப்பும் பழக்கம் அமெரிக்காவில் வேரூன்றியதற்கு ஒரு காரணம்.

மருந்தும் மாறியது. 1884இல் பிரான்சின் பால் வியே புகையற்ற மருந்தைக் கண்டார். 1887இல் ஆல்ஃபிரட் நோபெலும், 1889இல் பிரிட்டனின் ஃபிரடெரிக் ஏபெலும் ஜேம்ஸ் டெவாரும் அவரைத் தொடர்ந்தனர். பின்னிருவர் ஆக்கியது கயிற்றிழை போன்ற வடிவினால் கார்டைட் எனப்பட்டது. 1903இல் நீலகிரியின் அருவங்காட்டில், குன்னூருக்கு அருகே நிறுவப்பட்ட கார்டைட் தொழிற்சாலை, அதுவரை சிப்பாயின் கையிலிருந்த அளவும் கணக்கும் ஆய்வுக்கூடத்திற்குச் சென்றுவிட்டதன் தமிழ்நிலச் சான்றாகும்.

கைவேலை மீண்டும் தலைதூக்கியது அமெரிக்காவில். ஃபிலிப் ஷார்ப், எல்மர் கீத் முதலிய தனியார் தம் கையால் நிரப்பிய வலுமிக்க தோட்டாக்களைச் சுட்டுச் சோதித்துவந்த சூழலில், 1935இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் .357 மேக்னம் என்னும் சுழல்துப்பாக்கித் தோட்டாவை வெளியிட்டது. மேக்னம் என்பது வழக்கமான அளவைவிட மிகுந்த அழுத்தத்தில் சுடும் தோட்டாவைக் குறிக்கும். பழைய .38 ஸ்பெஷல் துப்பாக்கிக்குள் அது நுழைந்துவிடக் கூடாதென்று ஓட்டின் நீளம் ஏறத்தாழ எட்டில் ஓர் அங்குலம் கூட்டப்பட்டது. இத்தகைய தோட்டாவில் மெதுவாக எரியும் மருந்து மிகுதியாக அடைக்கப்படுவதால், அதை ஒரே சீராகப் பற்றவைக்கச் சூடும் நீளமும் கூடிய தீயைத் தரும் மேக்னம் பிரைமர் தனியாகத் தேவைப்பட்டது. விரைந்து எரியும் மருந்துக்கு அதே பிரைமரைப் பொருத்தினால் அழுத்தம் எதிர்பாராத அளவுக்கு ஏறக்கூடும். ஆகவே பிரைமரையும் மருந்தையும் தனித்தனியே தேராமல், சோதித்தறிந்த இணையாகவே கொள்வது அத்தொழிலின் அடிப்படையாயிற்று; சிப்பாயின் கிண்ணி மருந்துக்கும் குழல் மருந்துக்கும் இடையிலிருந்த உறவே இங்கே நுட்பமாகத் திரும்பியது எனலாம்.

தோட்டாவைக் கையால் நிரப்பும் அந்தப் பழக்கம் பினாங்குக் கரையில் வேரூன்ற இடமிருக்கவில்லை. 1948இல் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபோது, உரிமமின்றித் துப்பாக்கியோ தோட்டாவோ ஏந்துவது மரண தண்டனைக்குரிய குற்றமாக்கப்பட்டது. அவசரகாலம் முடிவுற்ற 1960ஆம் ஆண்டிலேயே ஆயுதச் சட்டம் வந்தது. துப்பாக்கியும் தோட்டாவும் வைத்திருப்பதற்கும் செய்வதற்கும் உரிமம் வேண்டும் என்பது அதன் சாரம். 1971இல் வந்த சட்டம் துப்பாக்கிக் குற்றங்களுக்கான தண்டனைகளை மேலும் கடுமையாக்கியது. 2023இல் நீக்கப்பட்டது கட்டாய மரண தண்டனை மட்டுமே, உரிமக் கட்டுப்பாடு அல்ல. அமெரிக்கப் பண்ணையாளன் தன் கொட்டகையில் அமர்ந்து செய்யும் பிரைமர், மருந்துத் தேர்வை, பட்டர்வொர்த் குடிமகனுக்காகத் தொழிற்சாலையே செய்து முடித்துவிடுகிறது. மருந்தும் பொறியும் பிரிந்தே இருக்க வேண்டும் என்னும் கிடங்கின் விதியே இக்கரையில் சட்டமாக நிலைத்தது.