இணைய வாணிபத்தில் தரகு

வாங்குவோனையும் விற்போனையும் கூட்டிவைத்து, அவ்வுதவிக்குக் கூலி பெறுவது தரகு. அது வாணிபத்தைப் போலவே தொன்மை வாய்ந்தது. ஆயின், கூலி பெறவேண்டுமெனின், 'இவரை அழைத்து வந்தவன் யானே' எனத் தரகன் மெய்ப்பித்தல் வேண்டும். சந்தையில் அவன் நேரே நின்றமையால் வேறு சாட்சி வேண்டப்படவில்லை. ஒருவரையொருவர் காணாத இணைய வாணிபத்திலோ சாட்சியே முதல் வினாவாயிற்று. இணையத் தரகின் வரலாறு அவ்வினாவுக்கு விடை தேடிய வரலாறேயாம்.

இம்முறை அமெரிக்காவிலே தோன்றியது. வில்லியம் தொபின் என்பவர் 1989 இல் புறொடிஜி என்னும் கணினி வலையமைப்பிற் பூக்கடையொன்றைத் தொடங்கி, விற்பனையில் ஒரு பங்கை அவ்வலையமைப்புக்குத் தரகாக அளித்தார். இணையத் தரகு முறைக்கு 1996 இல் அவர் கோரிய காப்புரிமை 2000 இற் கிடைத்தது. இதற்கிடையே, 1994 நவம்பரில், இசைத்தட்டு விற்ற சீடீநவ் நிறுவனம், இசை பற்றி எழுதும் வலைத்தளங்கள் தன் கடைக்கு வாசகரை அனுப்பித் தரகு பெறும் திட்டத்தை வகுத்தது. 1996 யூலையில், அந்நாளில் நூல் விற்றுவந்த அமேசன் தனது திட்டத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. அதன் பின்னரே இம்முறை உலகெங்கும் பரவலாயிற்று.

இனி, இது நடைபெறுமாறு கூறுவாம். விற்பனை நிறுவனம் ஒவ்வொரு தரகருக்கும் தனியெண் வழங்கும். அவர் தம் வலைத்தளத்தில் இடும் இணைப்பில் அவ்வெண் பொதிந்திருக்கும். வாசகர் அதனை அழுத்தியதும் 'குக்கி' எனப்படும் சிறு குறிப்பொன்று அவர் கணினியிற் பதியும். 1994 இல் நெற்ஸ்கேப் நிறுவனத்து லூ மொன்ருல்லி ஆக்கிய இக்குறிப்பே சாட்சியாயிற்று. குறித்த காலத்துள் வாசகர் பொருள் வாங்கின், தரகு அவ்வெண்ணுக்கு உரியது. தரகு நூற்றுக்கு ஐந்து வீதமாயின், 2,000 ரூபா நூலுக்கு 100 ரூபா கிடைக்கும். விற்பனை நிகழாவிடிற் கூலியும் இல்லை. ஆகவே, விளம்பரத்துக்குச் செலவிட்ட பணத்தை இழக்கும் அச்சம் விற்போனை விட்டு நீங்கி, உழைப்பை இழக்கும் அச்சமாகத் தரகரைச் சேர்ந்தது. இருசாராரின் கணக்கையும் பேணுதற்கு 1996 இல் லிங்சேயர், 1998 இல் கொமிசன் யங்சன் முதலிய இடைநிலை நிறுவனங்கள் எழுந்தன.

சாட்சிக்குப் பணமதிப்பு உண்டாயின் பொய்ச்சாட்சியும் தோன்றும். வாசகர் இணைப்பை அழுத்தாதிருக்கவும், அவர் அறியாமற் குக்கியைப் பதித்து, தாம் தேடித் தராத விற்பனைக்குத் தரகு கவர்ந்தோர் இருந்தனர். இத்தகையோர்மீது ஈபே நிறுவனம் 2008 இல் வழக்குத் தொடுத்தது. 2010 இற் குற்றவழக்கும் எழுந்தது. 2014 இல் இருவர் சிறைத்தண்டனை பெற்றனர்.

இதனினும் நுண்ணிய வஞ்சகம் ஒன்றுண்டு. கூலி பெறுவதை மறைத்து, நடுநின்று மதிப்பிடுவார்போற் பொருளைப் புகழ்தலே அது. அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு 2009 இல் திருத்திய நெறிமுறைகள், அத்தகைய தொடர்பை வாசகருக்கு வெளிப்படையாக அறிவித்தல் வேண்டுமென வகுத்தன.

வாசகர் எவ்வழியாக வந்தார் என்பதை இயந்திரம் காட்டும். அவருக்குச் சொல்லப்பட்ட புகழுரை மெய்யோ பொய்யோ என்பதை அது காட்டாது. அதற்குத் தரகரின் நேர்மையே சாட்சி. வாங்குமுன், 'இதனைப் புகழ்வோருக்கு இதில் என்ன பங்கு?' என வினவுதல் இக்கால மாணவர் பயிலவேண்டிய கல்வியுள் ஒன்றாகும்.